சில்வராடோ 4வீல் பட்டன்: மோட்டார் வாங்கக் கிளம்பும் முன்

1999 முதல் 2006 வரையிலான செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப்புகளில், டாஷ் பட்டனால் 4வீல் மாற்றும் வகையைப் பற்றி மட்டும் கேளுங்கள். தரையில் லீவர் இருக்கும் வண்டிக்கு இது பொருந்தாது.

கேள்வி: 2001 சில்வராடோ. 4ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) அழுத்தினால் விளக்கு சிமிட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 2ஹைக்கே (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) திரும்பிவிடுகிறது. மெக்கானிக் என்கோடர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள். பட்டன் மோட்டாரோடு நேரடியாகப் பேசுவதில்லை. டாஷுக்குள் இருக்கும் கன்ட்ரோல் மாட்யூலிடம் சொல்கிறது, மாட்யூல்தான் டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பக்கவாட்டில் இருக்கும் என்கோடர் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் திருப்பும் தண்டு எந்த நிலைக்கு வந்தது என்று மோட்டாருக்குள் இருக்கும் சென்சார் திருப்பிச் சொல்ல வேண்டும். விளக்கு சிமிட்டினால் வேலை நடக்கிறது, நிலையாக எரிந்தால் முடிந்தது. உங்கள் வண்டியில் அந்த 'வந்து சேர்ந்தேன்' என்ற தகவல் மாட்யூலுக்குப் போகவில்லை.

முதலில் பேட்டரி: வண்டி நின்று ஓய்ந்தபின் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் மற்றதெல்லாம் வீண் சோதனை. அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விடாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் போய் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பனிக்கு உப்புப் போடும் ஊர் வண்டி என்றால் பின்கள் பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்துவிட்டு, சேசிஸில் நெகட்டிவ் வயர்களைப் பிடிக்கும் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பெரும்பாலான வண்டிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? கனெக்டரை மாட்டிய நிலையிலேயே, மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்து, இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட் அளவுக்கு வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார்தான் குற்றவாளி. வோல்ட்டே வரவில்லை என்றால் சுவிட்ச், மாட்யூல் அல்லது வயரிங். மோட்டார் சுற்றியும் விளக்கு அடங்கவில்லை என்றால் சென்சாரைப் பாருங்கள். மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு சென்சாரை மட்டும் மாற்ற முடியும். வண்டி பதிந்து வைக்கும் கோளாறுக் கோடைப் படிக்கும்போது சி0327 வந்தால் அது என்கோடர் சர்க்யூட் கோளாறு. அதற்கு 'மோட்டார் போச்சு' என்று அர்த்தமில்லை, வயரும் அதற்குள் அடக்கம். இன்னொன்று: மலிவான கோட் ரீடர்கள் பலவும் எஞ்சின் கோடை மட்டுமே படிக்கும். சி வரிசையைப் படிக்கும் கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எந்தப் பட்டனிலும் விளக்கே இல்லை. மோட்டாரா?

இல்லை. சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச் கனெக்டர், மாட்யூலுக்கு வரும் கரன்ட். மோட்டாரை நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: விளக்கு நிலையாக எரிகிறது, முன் சக்கரம் மட்டும் இழுக்கவில்லை.

நல்ல கேள்வி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், சாவி ஆனில், கியர் பார்க்கில், பட்டன் 4ஹையில். இப்போது முன் பிரொப்பெல்லர் ஷாஃப்டை (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போகும் தண்டு) கையால் திருப்புங்கள். தாராளமாகச் சுற்றினால் விளக்கு பொய் சொல்கிறது, கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள். இறுகி நின்றால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்து வலது முன் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் அச்சு இணைந்திருக்கிறது. இடது சும்மா இருக்க வலது மட்டும் சுற்றினால் முன் அச்சின் ஆக்சுவேட்டர் இணைக்கவில்லை.

வலது பக்க அச்சுக் குழாயில் திருகி வைத்திருக்கும் சிறு உருளைதான் அந்த ஆக்சுவேட்டர், தண்டைத் தள்ளி அச்சை இணைப்பது அதன் வேலை. கழற்றி, கனெக்டர் மாட்டியபடியே 4ஹை அழுத்துங்கள். அதன் தண்டு மெல்ல வெளியே நீள வேண்டும். நீளவில்லையா, கனெக்டரில் கரன்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதையே மாற்றுங்கள்.

கேள்வி: என் 1994 மாடலில் முன் சக்கரம் இணைய அரை நிமிடம் ஆகிறதே?

அந்தக் காலத்து ஆக்சுவேட்டர் சூடேறித்தான் தண்டைத் தள்ளும். குளிரில் இன்னும் தாமதிக்கும். மோட்டார் வகைக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது.

கேள்வி: மாட்யூல், சென்சார் எல்லாம் எதற்கு? மோட்டாரின் இரண்டு வயரிலும் ஒரு டாகிள் சுவிட்ச் போட்டால் முடிந்ததே. பலர் ஓட்டுகிறார்களே.

ஓட்டுகிறார்கள், தெரியும். மோட்டாரை எங்கே நிறுத்துவது என்பது அந்தச் சுவிட்சுக்கு எப்படித் தெரியும்?

அதே நபர்: சத்தத்தை வைத்துத் தெரிந்துவிடும்.

4லோவுக்கு (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓடும் 4வீல் நிலை) போகும் வழியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே நியூட்ரல் ஒன்று இருக்கிறது, அதில் எந்தச் சக்கரமும் கியர்பாக்ஸோடு இணைந்திருக்காது. தண்டு அங்கே நின்றுவிட்டால் கியரை பார்க்கில் போட்டாலும் வண்டி நிற்காது, ஏனென்றால் பார்க்கின் பல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் இருக்கிறது. சரிவில் கை பிரேக் போடாமல் இறங்கினீர்கள் என்றால் வண்டி உங்களுக்கு முன்னால் போகும்.

அதே நபர்: லீவர் வண்டியிலும் நியூட்ரல் உண்டே?

உண்டு. ஆனால் லீவர் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியும். மாட்யூல் வண்டியிலோ நியூட்ரலுக்கு 2ஹையையும் 4லோவையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிவப்பு விளக்கும் எரியும். இத்தனை காவலையும் பிடுங்கிவிட்டு இருபது டாலர் சுவிட்சை வைக்காதீர்கள்.

இன்னொருவர்: அப்படியானால் லீவர் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாட்டலாமே?

இது நியாயமான யோசனை. என்பி261 என்ற லீவர் வகை கேஸ் உட்காரும். 4எல்60ஈ கியர்பாக்ஸ் என்றால் உள்தண்டு 27 பல், 4எல்80ஈ என்றால் 32. எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தரையில் ஓட்டை, லீவரைக் கேஸோடு இணைக்கும் லிங்கேஜ், முன் ஆக்சுவேட்டரை இயக்கத் தனி வயரிங், எல்லாம் வேண்டும்.

கேள்வி: விளக்கு சிமிட்டுகிறது. என்கோடர் மோட்டார் வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புது மோட்டார் போட்டேன், போல்ட் துளையோடு சேரவில்லை.

வலிந்து இறுக்காதீர்கள். புது மோட்டார் ஒரு நிலையில் வரும், உங்கள் தண்டு வேறு நிலையில் நிற்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பிப் பொருத்துங்கள். கட்டை வைக்காமல் திருப்பாதீர்கள், நடுவில் அதே நியூட்ரல் இருக்கிறது.

கேள்வி: 4லோ மட்டும் விழவில்லை.

வண்டி 5 கிலோமீட்டர் வேகத்துக்குள், கியர் நியூட்ரலில். பார்க்கில் வைத்து அழுத்தினால் விழாது.

கேள்வி: ஓடும்போது மட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் கசிகிறது, நின்றால் இல்லை. மோட்டாரின் சீலா?

கேஸின் பின் பாதியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே எண்ணெய் பம்பின் கொக்கி மக்னீசியக் கூட்டை அரைத்து அரைத்து ஊசி அளவுக்கு ஓட்டை போட்டிருக்கும். ஓட்டை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நிற்கும்போது ஒழுகாது. வெளியே பசை தடவினால் உள்ளே அரைப்பது நிற்காது. கேஸைப் பிரித்து, பம்புக்குப் பின்னால் தடுப்புத் தகடு போட வேண்டும். கவனிக்காமல் ஓட்டினால் எண்ணெய் வற்றி மொத்தக் கேஸும் போகும். ஆட்டோ பட்டன் உள்ள வண்டியின் என்பி246 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நீல நிற ஆட்டோ-டிராக் II எண்ணெய், சுமார் 2 லிட்டர். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றாதீர்கள்.

கேள்வி: 4ஹையில் தார்ச்சாலையில் திரும்பினால் வண்டி திமிறுகிறது. மோட்டார்தானே?

மோட்டார் இல்லை! காய்ந்த சாலையில் 4ஹை போடக்கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் எங்காவது வழுக்கியாக வேண்டும். 2ஹைக்கு வாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: 2006 ஃபோர்டு எஃப்-150. 2வீலில் ஓடும்போது முன்னால் கரகரவென்று அரைக்கிறது.

ஃபோர்டு என் வேலை இல்லை. ஒன்று மட்டும்: அந்த வண்டியில் முன் ஹப்பை வேக்குவம்தான் விலக்கிப் பிடிக்கிறது. குழாயில் கசிவு இருந்தால் பாதி இணைந்து அரைக்கும். குழாய்களையும், வேக்குவத்தைத் திறந்து மூடும் சொலினாய்டையும் ஃபோர்டு ஆளிடம் காட்டுங்கள். மோட்டார் வாங்காதீர்கள்.