மேடையில் தாளைப் பார்த்து வாசிப்பது குறையா?

இசைக்கலைஞர்கள் மேடையில் இசைக்குறிப்பு எழுதிய தாளையோ டேப்லெட்டையோ எதிரில் வைத்துக்கொண்டு வாசிக்கலாமா, அல்லது எல்லாப் பாடல்களையும் மனப்பாடம் செய்த பிறகுதான் மேடையேற வேண்டுமா என்பது கேள்வி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பாடகர்களுக்குப் பின்னால் அமர்ந்து கீபோர்டு வாசித்து வருகிறேன். தாள் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தத் தாளை நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்க வேண்டும். அதில் பாட்டு முழுவதும் இருக்கவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மனப்பாடமாக வாசிப்பவரே உண்மையான கலைஞர் என்ற எண்ணம் தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றும். மேற்கத்தியச் செவ்வியல் பியானோவைப் பொறுத்தவரை அதன் வயது இருநூறு ஆண்டுகள்கூட இல்லை. 1837இல் பெர்லினில், பின்னாளில் கிளாரா ஷூமான் என்று அறியப்பட்ட பியானோ கலைஞர் கிளாரா வீக், பேத்தோவனின் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) ஒன்றைத் தாள் இல்லாமல் வாசித்தபோது அவருக்கு வயது பதினேழு. அதைக் கேட்ட எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் வியக்கவில்லை; தாள் இல்லாமல் வந்து உட்காருவதை ஆணவம் என்றே குறை சொன்னார். பிறர் இயற்றியதை அவருடைய தாளை முன்னால் வைத்து வாசிப்பதே அடக்கம் என்பது அக்கால வழக்கம். கிளாராவும் இன்னொரு பியானோ கலைஞரான லிஸ்ட்டும் மனப்பாடமாக வாசித்து வாசித்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கம் தலைகீழாகிவிட்டது; தாள் வைத்திருப்பவர் சரியாகத் தயாராகவில்லை என்று நினைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகும், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரான ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் தம் கடைசிக் காலத்தில், அரங்கை இருட்டாக்கிவிட்டுத் தாளின்மேல் மட்டும் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வாசித்தார். சுரங்கள் அவர் காதுக்கு நிலை மாறிக் கேட்கத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம். அவரைப் பார்த்துத் தயாராகாதவர் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருந்திருக்காது. அவருக்கு நேர்மாறானவர் நடத்துநர் டோஸ்கானினி. அவர் முழு இசைநாடகங்களையும் மனப்பாடமாக நடத்தியதை இன்றும் வியந்து பேசுகிறோம்; கடுமையான கிட்டப்பார்வை உள்ளவருக்கு எதிரில் தாள் இருந்தும் பெரிய பயன் இருந்திருக்காது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மனப்பாடத்தை நம்பி நான் விழுந்த கதைக்கு வருகிறேன். அது மெதுவான ஒரு பாட்டு. நூறு முறைக்குக் குறையாமல் வாசித்தது. அதன் முதல் இடையிசையும் இரண்டாவது இடையிசையும் ஒரே நான்கு சுரங்களில் தொடங்கி, ஐந்தாவது சுரத்தில்தான் பிரியும். அன்று இரண்டாவது இடையிசையின் நான்காவது சுரத்தில் விரல் இருந்தபோது, தேவையே இல்லாமல், 'அடுத்தது எது?' என்று மனத்துக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதுவரை என்னைக் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருந்த கை, கேட்டவுடன் தடுமாறி, பழக்கம் அதிகமுள்ள முதல் இடையிசையின் வழியில் போய்விட்டது. அந்த வழி முடியும் இடத்தில் முதல் சரணத்துக்கான கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வந்து நிற்கிறது. பாட வேண்டியதோ இரண்டாவது சரணம், அதுவும் வேறொரு சுரத்தில் எடுக்க வேண்டியது. பாடகி ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல முதல் சரணத்தையே மறுபடி எடுத்தார். அரங்கத்துக்குத் தெரியவில்லை, மேடையில் இருந்த ஏழு பேருக்கும் தெரிந்தது. இறங்கி வந்ததும், "நான் இரண்டாம் சரணத்தைத் தொடங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் கைப்பழக்கம். அது வேகமாகப் போகும்வரை போகும். நடுவில் நிறுத்தினால் அதற்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. காதில் தங்குவது வேறு வகை, தாளின் எந்த மூலையில் எந்த வரி இருந்தது என்று கண்ணில் தங்குவது வேறு வகை, 'இங்கே ஸ்கேல் மாறுகிறது, ஆகவே அடுத்தது இந்தக் கார்ட்தான் வர முடியும்' என்று அறிவில் தங்குவது வேறு வகை. கைப்பழக்கத்தோடு இவற்றில் ஏதாவது ஒன்றும் துணைக்கு இருந்தால்தான் ஒன்று கைவிடும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நினைவு தவறும் இடமும் பெரும்பாலும் கடினமான இடமாக இருப்பதில்லை. கடினமான இடத்தைத்தான் நாம் விழுந்து விழுந்து பயிற்சி செய்திருப்போமே. ஒரே மாதிரி தொடங்கி வேறு வேறு இடத்துக்குப் போகும் பிரிவுகளில்தான் தவறும். சொனாட்டா வாசிக்கும் பியானோ கலைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தொடக்கத்தில் வந்த பகுதி கடைசியில் திரும்பி வரும்போது, முன்பு போல வேறு சுருதிக்கு நகராமல் ஆதார சுருதியிலேயே தங்க வேண்டும். அந்த ஒரு திருப்பத்தை விட்டுவிட்டால், மறுபடி நடுப்பகுதிக்குள் நுழைந்து ஊர்கோலம் சுற்ற வேண்டியதுதான்.

ஒரு பாட்டு உண்மையாகவே மனத்தில் இருக்கிறதா என்று சோதிக்க நான் இரண்டு வழிகளை வைத்திருக்கிறேன். முதலாவது, பாதி வேகத்தில் வாசிப்பது. கைப்பழக்கம் மட்டும் இருந்தால் பாதி வேகத்தில் பாட்டு குலைந்துவிடும்; நம்ப முடியாதவர்கள் செய்து பார்க்கலாம். இரண்டாவது, இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரி போன்ற ஏதாவது ஒரு நடுவிடத்திலிருந்து, முன்னோட்டம் இல்லாமல் நேரடியாகத் தொடங்குவது. இதில் தேறாத பாட்டை மனப்பாடம் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு, பயந்துபோய், எல்லாப் பாடல்களுக்கும் முழு நொட்டேஷனை அச்செடுத்து ஸ்டாண்டில் வைத்துக்கொண்டேன். தவறுகள் நின்றன. சில மாதங்கள் கழித்து ஒரு நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் என் முகம் தெரிந்த நேரம் மிகக் குறைவு. தலை உச்சிதான் தெரிந்தது. அதைவிட மோசமாக, ஒரு பாட்டின் முடிவில் பாடகர் கையை உயர்த்தி 'நிறுத்தாதே, இன்னொரு முறை பல்லவிக்குப் போகலாம்' என்று சைகை காட்டுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் பிடித்துக்கொள்கிறார், கிதார் பிடித்துக்கொள்கிறது, நான் மட்டும் தாளில் எழுதியபடி முடித்துவிட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தாள் எனக்கு முன்னால் ஒரு சுவரைப் போல இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தாளைப் படிக்கும் கண் எப்போதும் கைக்குச் சில சுரங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நிமிர்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்தைத் தாளில் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். அந்த அச்சத்தாலேயே நிமிர்வதை விட்டுவிடுகிறோம்.

தாள் இல்லாமல் முடியாத இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா வாரத்துக்கொரு புதிய நிகழ்ச்சியை, சில ஒத்திகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மேடையேற்ற வேண்டியிருக்கிறது. அங்கே வயலின்காரர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். உட்பக்கம் அமர்ந்திருப்பவர் பக்கம் புரட்ட, மற்றவர் வாசிப்பை விடாமல் தொடர்வார். லண்டனின் அரோரா ஆர்கெஸ்ட்ரா போல முழு சிம்பொனியையும் தாள் இல்லாமல் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அதற்கான உழைப்பை எல்லாருக்கும் விதியாக்க முடியாது. இன்னொருவருக்குப் பதிலாக அன்று மாலை மட்டும் வாசிக்க வருபவரிடம் மனப்பாடத்தை எதிர்பார்ப்பது அநியாயம். மறுகோடியில், ராக ஆலாபனையோ கற்பனாஸ்வரமோ ஜாஸில் வரும் தனி வாசிப்போ தாளில் அடங்கவே அடங்காது. அங்கே எழுதி வைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

நான் முழு நொட்டேஷனைக் கைவிட்டதற்கு இன்னொரு காரணம் சுருதி. தொண்டை கட்டியிருக்கிறது, அரைக்கட்டை குறைத்துக்கொள்ளலாம் என்று பாடகர் மேடையில் ஏறும் நேரத்தில் சொல்வது எங்கள் தொழிலில் அன்றாடம். ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறையில், அச்சான தாள் அந்தக் கணத்திலிருந்து பகையாளி. கண் ஒன்றைக் காட்டும், கை வேறொன்றை வாசிக்க வேண்டும். கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அதை அழுத்தினால் விரல் ஒரு சுரத்தில் இருக்க, காதில் வேறொரு சுரம் கேட்கும், கூர்மையான சுருதி ஞானம் உள்ளவர்களுக்கு அது பெரும் தொல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டுடியோக்களில் 1950களின் பிற்பகுதியில் இதற்கு அழகான ஒரு தீர்வு பிறந்தது. ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ், கார்ட்களின் பெயருக்குப் பதிலாக எண்களை எழுதும் முறையை உருவாக்கினார். ஆதார சுரத்தில் அமையும் கார்ட் 1, அங்கிருந்து நான்காவதில் அமைவது 4, ஐந்தாவதில் அமைவது 5. எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் தாளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஸரிகமபதநி என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ எங்கே இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாக அதன் பின்னால் வந்துவிடும்.

பாடகர்களின் நிலை எங்களைவிடக் கடினம், ஏனென்றால் தவறான சுரத்தைச் சமாளிக்கலாம், மறந்துபோன சொல்லைச் சமாளிப்பது எளிதன்று. 1960இல் பெர்லினில் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு பாட்டின் நடுவே வரிகளை மறந்தபோது, மறந்துவிட்டேன் என்பதையே சந்தத்துக்குள் வைத்துப் பாடித் தள்ளினார். அந்தப் பதிவுக்கே கிராமி விருது கிடைத்தது. 2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் விழாவில், பரிசு பெற நேரில் வராத பாப் டிலனுக்காக அவருடைய பாட்டைப் பாடிய பட்டி ஸ்மித் நடுவில் நின்றுவிட்டார். பதற்றமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். அரங்கம் கைதட்டியது. இரண்டு பேருமே பல்லாண்டு மேடை கண்டவர்கள். ஆகவே பாடகர் வரிகளை எதிரில் வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த முகச்சுளிப்பும் இல்லை. ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். முதல் சொல் கிடைத்தால் மீதி வரி நாக்கில் தானாக வரும். முழு வரியும் எதிரில் இருந்தால் கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும், படிப்பவரின் குரல் படிப்பவரின் குரலாகவே இருக்கும்.

டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: திரை தானாக அணையும் அமைப்பை நிறுத்துங்கள், விமானப் பயன்முறையில் வையுங்கள், பக்கம் புரட்டக் கால் பெடல் வாங்கினால் இடது கை மிஞ்சும். நேரடி வெயிலில் திரை தெரியாது என்பதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். புதிய பாட்டு வந்தால் முதலில் காதால் கேட்டு முழுவதையும் எழுதுகிறேன். இரண்டு நாள் வாசித்த பிறகு அதைப் பார்க்காமல், எண்முறையில், ஒரே பக்கத்துக்குச் சுருக்கி மறுபடி எழுதுகிறேன். எங்கே பேனா நிற்கிறதோ அதுதான் மேடையில் கை நிற்கப்போகும் இடம். மூன்றாவது முறை உள்ளங்கை அளவு அட்டையில், அந்த இடங்களை மட்டும் எழுதுகிறேன். அதற்குள் பாட்டு பெரும்பாலும் மனத்தில் ஏறியிருக்கும். அட்டையை மேடையில் இரண்டு மூன்று முறைக்கு மேல் நான் பார்ப்பதில்லை. ஆனாலும் அது இல்லாமல் உட்காருவதும் இல்லை. பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே, 'அடுத்தது எது?' என்ற அந்தப் பாழும் கேள்வி எழுவது குறைகிறது.

அன்று நான் வழி தவறிய பாட்டை இன்றும் வாசிக்கிறோம், அதே பாடகியோடு. அதற்கான அட்டையில் மேலே கட்டை, அதன் கீழே சிவப்பு மையில் ஒரே வரி: 'இரண்டாவது இடையிசை: ஐந்தாவது சுரம் ப, த அன்று.' இடையிசை நெருங்கும்போது அவர் இன்னும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.