டர்போ லாரியில் கரும்புகை: டீசலைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் டாட்டா 1613 லாரி இருக்கிறது. பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வண்டி, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது), இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) உள்ள 697 எஞ்சின். நெய்வேலியிலிருந்து சாம்பல் லோடு ஏற்றி கடலூர், புதுச்சேரி பக்கம் இறக்குகிறோம். இழுவை குறைந்துவிட்டது என்று, எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைத் திருகி டீசல் அளவை ஏற்றி வைத்தோம். இழுவை கொஞ்சம் வந்தது. ஆனால் ஒவ்வொரு கியருக்கும் கரும்புகை கக்குகிறது. அடுத்து எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறது. டீசலைக் குறைத்தால் மேடு ஏறாது என்கிறார் டிரைவர். இழுவை போகாமல் புகையைக் குறைக்க முடியுமா? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

முடியும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: இதே வண்டி முன்பு இதே லோடை இழுத்ததுதானே? அப்போது இருந்த இழுவை எங்கே போனது என்று பார்க்காமல் பம்பைத் திருகியதுதான் சிக்கலின் தொடக்கம்.

ஒரு கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் முழுதாகக் கலக்க நேரம் போதாது என்பதால், நடைமுறையில் காற்று ஏறக்குறைய 20 மடங்குக்குக் கீழே இறங்கும்போதே கரி தெரிய ஆரம்பிக்கும். அந்த எல்லையைத் தாண்டி ஊற்றும் டீசல் சக்கரத்துக்குச் சக்தியாகப் போவது கொஞ்சம்தான். மீதி புகையாகவும் சூடாகவும் போகிறது. அந்தச் சூட்டைத் தாங்குவது உங்கள் பிஸ்டனும் டர்போவும்.

ஆகவே காற்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் லோடு சாம்பல் என்பதால் ஏர் ஃபில்டர் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். நெய்வேலி சாம்பல் மாவைவிட நைஸாக இருக்கும். மற்ற லாரிக்குச் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு உங்களுக்குச் செல்லாது. ஃபில்டரைத் தரையில் தட்டுவது, கம்ப்ரசர் காற்றை வெளியிலிருந்து அடிப்பது இரண்டும் வேண்டாம். பேப்பர் கிழிந்தால் சாம்பல் நேராக டர்போ இறக்கையையும் சிலிண்டர் லைனரையும் தேய்க்கும். புதிது போடுங்கள், அடி ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) வரை உள்ள ஹோஸ்கள். டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து, ஒரு பாருக்கும் குறைவான அழுத்தத்தில் காற்று ஏற்றி, ஒவ்வொரு கிளாம்ப் மேலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிவிடும். ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருந்தால் மேலிருந்து பார்க்கத் தெரியாது. கையால் தடவிப் பாருங்கள்.

இன்டர்கூலரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடலூர் கோடையில் வெளிக்காற்று 38 டிகிரி இருக்கும்போது, டர்போ 0.8 பார் அழுத்தினால் காற்று 120 டிகிரியை நெருங்கிவிடும். அதை 60 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் அதிகக் காற்று சிலிண்டருக்குள் போகும். பம்பைத் தொடாமல் கிடைக்கும் இழுவை இது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் சாம்பலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். துறைமுகப் பக்கம் நிற்கும் வண்டியென்றால் உப்புக் காற்றில் இன்டர்கூலரின் மெல்லிய ஃபின் தகடு பொடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி பம்ப். டர்போ எஞ்சினின் மெக்கானிக்கல் பம்பில் டயஃப்ரம் உள்ள ஒரு சிறு பெட்டி இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் போகும். எல்.டி.ஏ. என்பார்கள். டர்போ காற்று வரும்வரை டீசலைப் பிடித்து வைப்பதும், காற்று ஏற ஏற விடுவதும் இதன் வேலை. டயஃப்ரம் கிழிந்தாலோ குழாய் அடைத்தாலோ காற்று வந்தும் டீசல் வராது, இழுவை செத்துவிடும். அதைக் கண்டுபிடிக்காமல் ஃபுல் லோடு ஸ்க்ரூவை (பம்ப் தரும் அதிகபட்ச டீசலை வைக்கும் திருகு) ஏற்றுவார்கள். இல்லையென்றால் எல்.டி.ஏ.வையே திருகி, காற்று வரும் முன்பே முழு டீசலைத் திறந்துவிடுவார்கள். கியர் மாற்றும்போதெல்லாம் புகை என்கிறீர்களே, அது இந்த இரண்டாவது வேலையின் அடையாளம். மாறாக, டர்போ முழுதாக ஊதி மேட்டில் ஏறும்போதும் புகை நிற்கவில்லை என்றால் மொத்த டீசலே காற்றுக்கு மிஞ்சியிருக்கிறது, அல்லது டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில் கெட்டிருக்கிறது.

ஆறு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். திறக்கும் அழுத்தம் ஆறிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தெளிப்பு பனிபோல வர வேண்டும், சொட்டக் கூடாது. பழைய செம்பு வாஷரை எடுக்காமல் மேலே இன்னொன்று போடுவது நம் ஊரில் சகஜம். அப்படிப் போட்டால் நாசில் மேலேறி, தெளிப்பு பிஸ்டன் குழியில் சரியாக விழாது. எவ்வளவு நல்ல நாசிலாக இருந்தாலும் புகைதான். கூடவே டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) டைமிங்கையும் (டீசல் தெளிக்கும் நேரம்) கம்பெனி அளவுக்கு வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, டீசல் அளவைச் சரிபார்த்து வைக்கும் கலிபரேஷன் செய்யுங்கள். வண்டியில் வைத்தே காதால் கேட்டுத் திருகும் வேலை வேண்டாம். கம்பெனி அளவு டீசலில் வைத்து, எல்.டி.ஏ. எந்த டர்போ அழுத்தத்தில் திறக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கச் சொல்லுங்கள். காற்று முழுதாக வரும் எஞ்சினுக்கு அந்த அளவு போதும், உங்கள் லோடை இழுக்கும். அதற்கு மேல் டீசல் ஏற்றச் சொல்லி யார் வந்தாலும் நான் மறுப்பேன். பதிவில் உள்ளதை மீறி எஞ்சினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் தருவதில்லை. பெரிய டர்போ மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அது சுற்றி எழவே நேரமாகும். நின்று நின்று போகும் கடலூர் ரோட்டில் புகை கூடத்தான் செய்யும். டேங்கில் ஊற்றும் மருந்துகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு பொருள் வாங்குவதென்றால் பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர்) வாங்குங்கள். சென்சரை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வைக்க வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது 700 டிகிரியைத் தொட்டால் டிரைவர் காலை எடுத்து ஒரு கியர் இறக்கட்டும்.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. திருப்பாதிரிப்புலியூர் சிக்னலில் உங்கள் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளைகளோடு நிற்பவர்களின் முகத்தில்தான் அது அடிக்கிறது. எஃப்.சி. இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

புகை டெஸ்டில் உங்கள் பி.எஸ்.3 வண்டிக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு). லோடு இல்லாமல் நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுதாக அழுத்தி அளப்பார்கள். அந்தக் கணத்தில் டர்போ இன்னும் எழுந்திருக்காது. அதனால் எல்.டி.ஏ. சரியாக இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும், திறந்து கிடந்தால் தேறாது. குளிர்ந்த எஞ்சினோடு டெஸ்டுக்குப் போகாதீர்கள். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போங்கள். பம்ப் கடையில் கலிபரேஷன் அளவு எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். அடுத்த முறை இழுவை குறைந்தால் மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுக்கட்டும்.