பிறக்கும் முன்பே அப்பா யாரென்று தெரியுமா?

வயிற்றில் இருக்கும் குழந்தையின் தகப்பன் யார் என்று டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. மரபணு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

குழந்தை ரத்தமும் தாய் ரத்தமும் கலக்காது என்றுதானே படித்தோம்? பிறகு அம்மா ரத்தத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் நஞ்சுக்கொடியின் செல்கள் உதிரும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் விழுகின்றன. 1997ல் விஞ்ஞானி டென்னிஸ் லோ குழுவினர் இதைக் காட்டினார்கள். ரத்தக் குழாயை மெஷினில் வைத்துச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். விஷயம் அந்த மஞ்சளில்தான். 10 வாரம் தாண்டினால் அதில் மிதக்கும் துணுக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியுடையது, மீதி அம்மாவுடையது. அம்மாவின் டிஎன்ஏவில் இல்லாத எழுத்து (டிஎன்ஏ வரிசையின் ஓர் அலகு) எங்கெல்லாம் தட்டுப்படுகிறதோ, அது அப்பா கொடுத்தது. அதை, தகப்பன் என்று நினைக்கும் ஆணின் டிஎன்ஏவோடு நிறைய இடங்களில் ஒத்துப் பார்ப்பார்கள். தாய்க்கு உடல் எடை அதிகம் என்றால் இந்தப் பங்கு குறையும். மறுபடி ரத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

சென்னையில் எங்கே செய்யலாம்? எவ்வளவு ஆகும்?

இந்தியாவில் செய்யக் கூடாது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994ல் வந்த சட்டம், கர்ப்பிணிக்கு எந்தெந்தக் காரணத்துக்காகப் பரிசோதனை செய்யலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. குரோமோசோம் கோளாறு, ரத்தச் சிவப்பணு நோய்கள், பிறவி ஊனம் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘தகப்பன் யார்’ கிடையாது. செய்கிறவருக்கு மட்டுமல்ல, செய்யச் சொல்லி நிற்கும் கணவருக்கும் உறவினருக்கும் முதல் தடவையிலேயே 3 வருடம் வரை சிறை உண்டு. ‘வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு அனுப்பலாம்’ என்ற விளம்பரத்தைக் காட்டி இருவர் கேட்டிருந்தீர்கள். டிஎன்ஏ மாதிரிக்காக யார் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்த பஞ்சு என்பதற்குச் சாட்சியே இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

கணவர் துபாயிலிருந்து வந்து 6 வாரம்தான் ஆகிறது. ஸ்கேனில் 8 வாரம் என்கிறார்கள். மாமியார் விரல் விட்டு எண்ணுகிறார். டிஎன்ஏ பார்த்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. எனக்கு வருகிற கேள்விகளில் நிறைய இதே ரகம்தான். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், சேர்ந்த நாளிலிருந்து அல்ல. மார்ச் 1 மாதவிலக்கு, மார்ச் 15 கணவர் ஊர் வந்து சேர்கிறார் என்று வையுங்கள். ஏப்ரல் 26 அன்று ஸ்கேன் 8 வாரம் என்று சொல்லும், கணவர் வந்து 6 வாரம்தான் ஆகியிருக்கும். அந்த முதல் இரண்டு வாரத்தில் கருவே கிடையாது! இதற்கு மேல் ஸ்கேன் கணக்கு சில நாள் முன்னே பின்னே இருக்கும். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

இருவர் மேல் சந்தேகம், இருவரும் அண்ணன் தம்பி. (வெளிநாட்டிலிருந்து)

அண்ணன் தம்பியின் டிஎன்ஏ நெருக்கமாக ஒத்திருக்கும், அதனால் ஆய்வகத்தில் இதை முதலிலேயே சொல்லுங்கள், இருவர் மாதிரியையும் கொடுங்கள். ஒரே கரு இரட்டையர் என்றால் வழக்கமான சோதனையால் பிரிக்க முடியாது. எந்த நாடு என்றும் பாருங்கள். ஜெர்மனியில் குற்றத்தால் உண்டான கர்ப்பத்துக்கு மட்டும்தான் பிறக்கும் முன் இந்தச் சோதனைக்கு அனுமதி. பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் முறையும் உண்டு, 15 வாரத்துக்குப் பிறகு. சிறிதளவு கருச்சிதைவு ஆபத்து இருப்பதால் தகப்பன் யார் என்று பார்க்க மட்டும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

நான் ஏபி, பிறந்த குழந்தை ஓ. மனைவிக்குத் தெரியாமல் டெஸ்ட் எடுக்கலாமா?

முதலில் மூவருக்கும் ரத்த வகையை வேறு லேபில் மறுபடி பாருங்கள். தவறாக எழுதிய கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஏபி தகப்பனுக்கு ஓ குழந்தை பிறப்பது மிக அபூர்வம், ஆனால் பம்பாய் ரத்த வகை என்று ஒன்று உண்டு. 1952ல் பம்பாயிலேயே கண்டுபிடித்தது. சாதாரணச் சோதனையில் அது ஓ மாதிரியே தெரியும்.

மனைவிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அப்படியே செய்தாலும் சட்டம் வேறு மாதிரி. திருமண வாழ்க்கைக்குள் பிறந்த குழந்தை கணவனுடையது என்றே பாரதிய சாட்சிய சட்டத்தின் 116ம் பிரிவு எடுத்துக்கொள்ளும் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 112). கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அது உடையும். கேட்டவுடன் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லி, 2023லும் திரும்பச் சொன்னது.

பிறந்த பிறகு என்றால் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவார்களா?

இல்லை. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், தாய்ப்பாலில் அம்மாவின் செல்கள் இருக்கும். குச்சியைக் காய விட்டுக் காகிதக் கவரில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.