பர்டூவிடம் 2026 மார்ச்சில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கேள்வி பதில்

2025-26 சீசன் தொடங்கும் முன்பே ஏபி செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு முதலிடம் கிடைத்திருக்கிறது. சீசன் தொடங்குமுன் இந்த இடம் பர்டூவுக்குக் கிடைப்பது இதுவே முதல் முறை. அன்றிலிருந்து நண்பர்கள் கேள்விகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (மகன் பர்டூவில் படிக்கும் சென்னைத் தாய்): தம்பி, மார்ச் மாதம் வந்தால் என் பையன் போனைக்கூட எடுப்பதில்லை. அப்படி என்னதான் நடக்கிறது?

பதில்: அம்மா, அமெரிக்கா முழுக்க இருந்து 68 கல்லூரி அணிகள் மோதும் தொடர் அது. மார்ச் மேட்னஸ் என்று பெயர். அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தர எண் கொடுப்பார்கள். அதை சீட் என்கிறார்கள். 1 என்றால் பலமான அணி, 16 என்றால் கடைசி. ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறு வாய்ப்பு கிடையாது. கோப்பைக்கு ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். பையன் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள்.

கேள்வி (வெஸ்ட் லஃபாயெட் மாணவர்): அண்ணா, நாம்தான் நம்பர் 1. இறுதிக்கட்ட ஆட்டங்களும் நம் பக்கத்திலேயே இண்டியானாபொலிஸில். இந்த முறை கோப்பை நமக்குத்தானே?

பதில்: ஆசைப்படுவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர், ட்ரே காஃப்மன்-ரென் மூவரும் கடைசி வருடம் ஆட இங்கேயே நின்றுவிட்டார்கள். இன்றைய கல்லூரிக் கூடைப்பந்தில் இது அபூர்வம். ஸ்மித் 2025-இல் நாம் ஆடும் பிக் டென் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். காஃப்மன்-ரென் கடந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். கடந்த வருடம் கூடைக்குக் கீழே பலவீனமாக இருந்தோம். கால் எலும்பு முறிந்து சீசன் தொடக்கத்திலேயே வெளியே போன டேனியல் ஜேக்கப்சன் திரும்பி வருகிறார், சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து ஆஸ்கர் கிளஃப் வந்திருக்கிறார். அந்த ஓட்டையையும் அடைத்தாயிற்று.

ஆனால் முதலிடத்தின் வரலாற்றையும் பாருங்கள். சீசனுக்கு முன் முதலிடத்தில் இருந்து, கடைசியில் கோப்பையையும் வென்ற அணி என்றால் 2009-இல் வட கரோலினாதான். அதற்குப் பிறகு 2025 வரை ஒருவரும் இல்லை. அதே வட கரோலினா 2022-23 சீசனை முதலிடத்தில் தொடங்கி, மார்ச் தொடருக்கே தேர்வாகவில்லை. அடுத்த இரண்டு சீசனிலும் முதலிடம் கான்சஸுக்கு. ஒன்றில் இரண்டாவது சுற்றில் கொன்சாகாவிடம் தோற்றார்கள், இன்னொன்றில் முதல் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் தோற்றார்கள்.

அக்டோபரில் கிடைக்கும் முதலிடம், காகிதத்தில் யார் பலம் என்பதைச் சொல்லும். மார்ச்சில் யார் கணுக்கால் சுளுக்கும், எந்த அணி ஆறு வாரத்தில் இரு மடங்கு முன்னேறும் என்பதெல்லாம் அதில் இல்லை. ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள்) வரை ஆசைப்படுங்கள், அது நியாயம். கோப்பை நமக்குத்தான் என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் நல்ல ஆட்டம் எதையும் ரசிக்க முடியாது.

கேள்வி (கோவை, புள்ளியியல் மாணவி): பலமான அணி ஏன் இவ்வளவு அடிக்கடி தோற்கிறது? தொழில்முறை லீக்கான என்பிஏவில் இப்படி நடப்பதில்லையே?

பதில்: என்பிஏ பிளே-ஆஃபில் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை. ஒரு நாள் பந்து விழாவிட்டாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். இங்கே நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.

நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 80 சதவீத வெற்றி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மிக உயர்ந்த எண் அது. ஆறையும் வெல்லும் வாய்ப்பு 0.8-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 26 சதவீதம். 90 சதவீதம் என்றாலும் 53-தான். 70 என்றால் 12-க்கு இறங்கிவிடும். நாட்டிலேயே சிறந்த அணியும் கோப்பையோடு திரும்புவதைவிட, தோற்றுத் திரும்பும் வாய்ப்புதான் அதிகம்.

இதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆடும் அணிக்கு ஒரு ஆட்டத்தில் பந்து கிடைக்கும் தடவைகள் குறைவு. தடவைகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். 2018-இல் வர்ஜீனியா தொடரின் ஒட்டுமொத்த முதல் சீட். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. அதை 16-ஆம் சீட் யூஎம்பிசி 74-54 என்று வீழ்த்தியது. ஆண்கள் தொடரில் 16-ஆம் சீட் 1-ஆம் சீட்டை வென்றது அதுதான் முதல் முறை. நான்கு பிரிவின் முதல் சீட்களும் ஒன்றாக ஃபைனல் ஃபோருக்கு வந்தது 2025 வரை இரண்டே முறை: 2008, 2025.

கேள்வி (சிகாகோ வாசகர்): கணக்கெல்லாம் சரி சார். 2021-இல் 13-ஆம் சீட்டிடம், 2022-இல் 15-ஆம் சீட்டிடம், 2023-இல் 16-ஆம் சீட்டிடம் தோற்றோம். மூன்று வருடம் வரிசையாக வந்தால் அதையும் அதிர்ஷ்டம் என்று சொல்வீர்களா?

பதில்: சொல்ல மாட்டேன். ஒரு தோல்வியை அதிர்ஷ்டம் எனலாம். மூன்று தோல்வியிலும் ஒரே மாதிரி ஒன்று தெரிந்தால் அது குறைதான்.

2021-இல் வட டெக்சஸிடம் கூடுதல் நேரத்தில் 78-69. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸிடம் 67-64. அந்தச் சிறிய நியூ ஜெர்சி கல்லூரி அதற்கு முன் கென்டக்கியையும் வீழ்த்தியிருந்தது, எலைட் எய்ட் (கடைசி எட்டு அணிகள்) வரை போன முதல் 15-ஆம் சீட் என்ற பெயரையும் எடுத்தது. அப்புறம் 2023 மார்ச் 17, கொலம்பஸ். ஃபேர்லி டிக்கின்சன் 63, பர்டூ 58.

ஃபேர்லி டிக்கின்சன் தங்கள் லீக் இறுதிப் போட்டியில் மெரிமேக்கிடம் தோற்றுப்போன அணி. மெரிமேக் மேல்மட்டப் பிரிவுக்குப் புதிதாக மாறியிருந்ததால் விதிப்படி தொடரில் ஆட முடியவில்லை, லீக் சாம்பியனுக்குரிய அந்த இடம் இவர்களுக்கு வந்தது. சராசரி உயரத்தில் நாட்டிலேயே குள்ளமான அணி. எதிரில் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர். ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். ஆனால் பந்து அவர் கைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்தது. இருவர் மூவராக அவரைச் சூழ்ந்துகொண்டு, மற்றவர்களை 'வெளியிலிருந்து அடி, பார்க்கலாம்' என்று விட்டார்கள். பர்டூ மூன்று புள்ளி வீச்சில் 26-க்கு 5. ஸ்மித்தும் லாயரும் அப்போது முதல் வருட மாணவர்கள். முழு மைதானமும் அழுத்தம் கொடுத்து ஆடும் வேகமான சின்ன கார்டுகளை (பந்தைக் கொண்டுபோகும் வெளி ஆட்டக்காரர்களை) எதிர்கொள்ள, அவர்களோடு சேர்த்துப் பந்தைக் கொண்டுபோக இன்னொரு அனுபவசாலி இல்லை. உயரத்தை நம்பிக் கட்டிய அணி, பந்து கையாளுதலில் சிக்கிக்கொண்டது. 26-க்கு 5 என்பதில் அதிர்ஷ்டமும் உண்டு. பந்தைப் பறிகொடுத்தது முழுக்க நம் குறை.

பயிற்சியாளர் மேட் பெயின்டர் அதைப் புரிந்துகொண்டார் என்பதால்தான் அவர் மீது எனக்கு மரியாதை. அடுத்த சீசனுக்கு சதர்ன் இலினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸைக் கொண்டுவந்தார். வேகமான, அனுபவமுள்ள கார்டு, நல்ல தடுப்பாட்டக்காரர். ஸ்மித்துக்கு ஒரு வயது கூடியது. அதே ஈடி, அதே திட்டம், சுற்றியிருந்தவர்கள் மட்டும் தேறியிருந்தார்கள். 2024-இல் கிராம்பிளிங், யூட்டா ஸ்டேட், கொன்சாகா, டென்னசி என்று நான்கு வெற்றி. டென்னசிக்கு எதிராக டெட்ராய்ட்டில் ஈடி 40 புள்ளி, 16 ரீபவுண்ட். 1980-க்குப் பிறகு முதல் ஃபைனல் ஃபோர். அந்த இரவு மைதானத்தில் அழுத பெரியவர்களுக்கெல்லாம் அந்த 44 வருடத்தின் கனம் தெரியும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் 2024 இறுதிப் போட்டியில் கனெக்டிகட்டிடம் ஏன் 75-60 என்று தோற்றோம்?

பதில்: அவர்கள் நம்மைவிடச் சிறந்த அணி. அதற்கு முந்தைய வருடமும் அவர்கள்தான் சாம்பியன். தங்கள் உயரமான ஆட்டக்காரர் டோனவன் கிளிங்கனை மட்டும் ஈடியிடம் நிறுத்திவிட்டு, மற்ற நால்வரும் நம் வெளி வீச்சாளர்களை ஒட்டியே நின்றார்கள். ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டூ முழு ஆட்டத்திலும் மூன்று புள்ளி வீச்சு முயன்றதே ஏழு முறை, விழுந்தது ஒன்று. திட்டம் போட்டுத் தோற்கடித்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (டொராண்டோ வாசகி): பர்டூ இதுவரை ஒரு முறைகூடக் கோப்பை வென்றதில்லையா?

பதில்: ஆண்கள் அணி 2025 வரை வென்றதில்லை. 1932 அணியைப் பின்னாளில் ஹெல்ம்ஸ் என்ற விளையாட்டு அமைப்பு தேசிய சாம்பியன் என்று அறிவித்தது, ஆனால் மார்ச் தொடர் தொடங்கியதே 1939-இல். அந்த 1932 அணியின் நட்சத்திரம் ஜான் வுடன். அவரே பிறகு யூசிஎல்ஏ பயிற்சியாளராகி 1969 இறுதிப் போட்டியில் பர்டூவை 92-72 என்று வென்றார். பெண்கள் அணி 1999-இல் டியூக்கை வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. 'பர்டூவுக்குக் கோப்பையே இல்லை' என்று பொதுவாகச் சொல்பவர்கள் அந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி (லூயிவில் வாசகர், கென்டக்கி ரசிகர்): எங்களுக்கு எட்டுக் கோப்பை. ஸ்வீட் சிக்ஸ்டீன் (கடைசி பதினாறு அணிகள்) வந்தாலே உங்கள் ஆட்கள் கொண்டாடுகிறீர்கள். எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதால்தான் கோப்பை வரவில்லையோ?

பதில்: ரசிகர்களின் எதிர்பார்ப்பு கோப்பை வாங்கித் தருமென்றால் கென்டக்கி ஒவ்வொரு வருடமும் வென்றிருக்கும். உங்கள் எட்டில் கடைசியானது 2012. 2015-இல் 38 வெற்றி, தோல்வியே இல்லாமல் ஃபைனல் ஃபோர் வந்து விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றீர்கள். அந்த அணி தோல்வி அணியா? அதைப் போன்ற அணி அபூர்வம். பிறகு 2022-இல் செயின்ட் பீட்டர்ஸிடமும் 2024-இல் ஓக்லண்டிடமும் தோற்றீர்கள். கோப்பை வாங்கித் தந்த ஜான் கலிபாரி அந்த வருடமே ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். அழுத்தம் கூடக் கூட ஒரு ஊரால் தன் பயிற்சியாளரோடு வாழ முடியாமல் போகிறது.

உங்கள் கோபத்தின் அடியில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அளவுகோலை மார்ச் மூன்று வாரத்தோடு நிறுத்துவது தவறு. பெயின்டரின் கணக்கு: 2025 வரை ஐந்து பிக் டென் லீக் பட்டங்கள். 2015 முதல் 2025 வரை நடந்த எல்லா மார்ச் தொடர்களிலும் இடம். 2017 முதல் 2025 வரை நடந்த எட்டில் ஆறு முறை ஸ்வீட் சிக்ஸ்டீன். லீக் பட்டம் என்பது இருபது ஆட்டங்களில், பாதி எதிரி ஊர்களில் ஆடி வருவது. யார் நல்ல அணி என்று கேட்டால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி (டாலஸ் வாசகர்): ஆட்டக்காரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் பணமும் வந்த பிறகு சின்ன கல்லூரிகளின் அதிர்ச்சி வெற்றிகள் குறையுமா? நமக்கு அது நல்லதா?

பதில்: குறைவது போலத்தான் தெரிகிறது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதும் இல்லை. சின்ன கல்லூரியில் ஒருவர் ஜொலித்தால் அடுத்த வருடம் பெரிய கல்லூரியில் இருக்கிறார். 2025 ஸ்வீட் சிக்ஸ்டீனில் இருந்த பதினாறும் நான்கு பெரிய லீக் அணிகள்தான். முதல் இரண்டு சுற்று நமக்குக் கொஞ்சம் எளிதாகலாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு எதிரியும் முன்பைவிடக் கனமாக இருப்பார்கள். செயின்ட் பீட்டர்ஸ் நம்மைத்தான் வீழ்த்தியது. ஆனாலும் அப்படிப்பட்ட கதைகள் இல்லாமல் போனால் இந்தத் தொடருக்கு இழப்புதான்.

கேள்வி (இண்டியானாபொலிஸ் வாசகி): சுருக்கமாகச் சொல்லுங்கள். எது நடந்தால் இந்த சீசனை வெற்றி என்பீர்கள்?

பதில்: முதலில் நல்ல சீட். 2025 பிப்ரவரியில் தொடர்ந்து நான்கு தோல்வி, அதனால் கிடைத்தது 4-ஆம் சீட். 4-ஆம் சீட் என்றால், எல்லாம் ஒழுங்காகப் போனாலும் மூன்றாவது ஆட்டத்தில் 1-ஆம் சீட் எதிரில் நிற்கும். அப்படித்தான் ஹூஸ்டன் வந்தது. இண்டியானாபொலிஸில் நம் கூட்டத்தின் முன்னால், ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கும்போது ஹூஸ்டனின் மிலோஸ் உஸான் போட்ட கூடையால் 62-60 என்று தோற்றோம். ஆகவே சாதாரணமாகத் தெரியும் ஜனவரி, பிப்ரவரி ஆட்டங்களைப் பாருங்கள். மார்ச்சின் பாதை அங்கேதான் போடப்படுகிறது.

இந்த அணி எலைட் எய்ட்டுக்கு முன்னால் தோற்றால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். ஃபைனல் ஃபோர் வந்தால் முழு திருப்தி. எலைட் எய்ட்டில் தோற்றால், எப்படித் தோற்றார்கள் என்று பார்த்துத்தான் பேசுவேன். 2019 எலைட் எய்ட்டில் நம் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி எடுத்த ஆட்டம் நினைவிருக்கும். கடைசி நொடியில் வர்ஜீனியாவின் மமடி டியாகிட்டே சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் அவர்கள் 80-75 என்று வென்றார்கள். முந்தைய வருடம் 16-ஆம் சீட்டிடம் அவமானப்பட்ட அதே வர்ஜீனியா அந்த வருடம் கோப்பையும் வென்றது. அப்படி ஒரு ஆட்டத்தைத் தோல்வி சீசன் என்ற கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

கேள்வி (மதுரை வாசகர்): இங்கே எந்த நேரத்தில் பார்க்கலாம்?

பதில்: முதல் சுற்று மார்ச் மூன்றாம் வாரம், வியாழன் வெள்ளி. அங்கே மதியம் தொடங்குவதால் நமக்கு இரவு ஒன்பதரை, பத்து மணி. அங்கே மாலை ஆட்டங்கள் என்றால் நமக்கு அதிகாலை. இறுதிப் போட்டி 2026 ஏப்ரல் 6, திங்கள் இரவு. நமக்கு ஏப்ரல் 7 செவ்வாய், காலை ஆறு மணியைத் தாண்டித் தொடங்கும். அலுவலகம் பத்து மணிக்கு என்றால் முழு ஆட்டமும் பார்த்துவிட்டே கிளம்பலாம்.