பல்லில் கடித்த நெல்

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக வேலை பார்க்கிறேன். வயது 46. ஐந்தாறு வருஷமாக ராத்திரியில் செல்போனில் ஏதாவது எழுதி வைக்கிறேன். யாருக்கும் காட்டியதில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி வெளியிடலாம் என்று நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. ஒற்றுப்பிழை நிறைய வரும். சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா என்றும் தோன்றுகிறது. முதலில், எழுத என்னிடம் என்ன இருக்கிறது? காலையில் போனால் சாக்கு, தராசு, பில். போன தை மாதம் ஒரு பெரியவர், நான் ஈரப்பதம் பார்க்கும் மெஷினை எடுப்பதற்குள் நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு “காஞ்சிருச்சும்மா” என்றார். மெஷினில் 19 காட்டியது. இப்படித்தான் போகிறது பொழுது. சொந்தப் பெயரில் எழுதலாமா, புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் சொன்னால் போதும்.

(என் பெயரைப் போட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கோபம் வந்தது. எழுத என்ன இருக்கிறது என்று கேட்ட கையோடு அந்தப் பெரியவரை எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி “இப்படித்தான் போகிறது பொழுது” என்று தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஒற்றுப்பிழையை விடுங்கள், திருத்திக்கொள்ளலாம். வயதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உ.வே.சா. 1940இல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 84 வயது முடிந்திருந்தது. 1942இல் அவர் காலமாகும்வரை அது வந்துகொண்டிருந்தது. 46 வயதை என்னிடம் ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள்.

அந்த 19க்கு வருகிறேன். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. மழை பிடித்த வருஷங்களில் 22 வரை தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லில் மாதிரி எடுத்துப் போகும். இதெல்லாம் பேப்பரில் வரும். அந்தப் பெரியவரின் பல் பேப்பரில் வராது. அறுபது வருஷமாகக் கடித்துப் பழகிய பல், நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம் என்று அறிந்த பல், காய்ந்துவிட்டது என்கிறது. மெஷின் இல்லை என்கிறது. நடுவில் இருப்பது இரண்டே சதவீதம். அந்த இரண்டுக்காகத்தான் தை மாதப் பனியில் தார்ப்பாயை இழுத்து மூடி நெல்லோடு நெல்லாக ராத்தங்குகிறார்கள். இதையெல்லாம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த ஆள் நீங்கள். உங்களைத் தவிர வேறு யார் இதை எழுத முடியும்? நானா? நான் அங்கே வந்தால் மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரிலும் நெல்தான். அறுவடை முடிந்ததும் களத்தில் நெல் அளக்க ஒருவர் வருவார். முதல் மரக்காலை “ஒன்று” என்று சொல்ல மாட்டார், “லாபம்” என்பார். லாபம், லாபம், லாபம் என்று அந்த மரக்கால் சாக்கில் கொட்டி முடியும்வரை அதையே இழுத்துச் சொல்வார். அப்புறம் இரண்டு. குனிந்து அள்ளி, மரக்காலின் வாயை உள்ளங்கையால் வழித்துவிட்டுக் கவிழ்ப்பார். பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். கலத்துக்கு ஒரு பிடி நெல்லைத் தனியே எடுத்து வைப்பார். கடைசியில் அந்தப் பிடிகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். நடுவில் இன்னோர் எண்ணையும் அவர் நேராகச் சொல்ல மாட்டார், அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார். அந்தச் சொல் எனக்கு மறந்துவிட்டது. எந்த எண் என்பதும் மறந்துவிட்டது.

அண்ணனிடம் கேட்டேன். ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்டேன். லாபம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இன்னொன்று ஒருவருக்கும் இல்லை. அந்தக் குரலை நான் பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்கு 20 வயது, கல்லூரி விடுமுறை. கையில் நோட்டு இருந்தது, பேனா இருந்தது. இதை எழுதி வைத்தால் என்ன என்று ஒரு சாயங்காலம் தோன்றியது. நெல் அளப்பதை எழுதி எவன் படிக்கப்போகிறான் என்று மூடி வைத்துவிட்டேன். அந்த நோட்டு முழுக்கப் புரட்சியைப் பற்றிய கவிதைகள். அவற்றில் ஒரு வரிகூட இன்று எனக்கு வேண்டாம். அந்த ஒரு சொல்தான் வேண்டும்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். விட்டு விட்டு 1761 வரை எழுதினார். வியாபாரி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். என்ன எழுதினார்? கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாரும் யாரும் சண்டை போட்டார்கள், எந்த வீட்டில் கல்யாணம். வாயில் வந்த தமிழில், ஒற்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல். அவர் போய் 80 வருஷத்துக்கு மேல் கழித்து, 1846இல்தான் அந்தக் கையெழுத்து நோட்டுகள் கண்ணில் பட்டன. அந்தக் காலத்தில் புதுச்சேரிக் கடைத்தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அறிய வேண்டுமானால் அந்த வியாபாரியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கப்பல் வந்ததெல்லாம் ஒரு விஷயமா என்று அவரும் நினைத்திருந்தால்?

சொந்தக்காரர்கள் சொல்வதைச் சொல்லட்டும். உங்கள் இடத்தில் எனக்கும் அந்தப் பயம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக ஐந்து வருஷம் செல்போனில் பூட்டி வைத்தது போதும் அம்மா. போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போயிற்று, அதை யோசித்தீர்களா? முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பெயர் கேட்டிருந்தீர்கள். புனைபெயரே வைத்துக்கொள்ளுங்கள். பருவகால வேலை, மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள், வீண் வம்பு வேண்டாம். நிலையம் எந்த ஊர் என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 40 கிலோ சிப்பத்தை முதுகில் ஏற்றும்போது சுமைதூக்குகிறவர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள், பில்லை வாங்கியதும் சட்டைப் பையில் வைக்கிறார்களா, மடியில் முடிகிறார்களா, அதையெல்லாம் விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. 19 என்று நீங்கள் சொன்னதும் அந்தப் பெரியவர் என்ன செய்தார்? நெல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றினாரா, அங்கேயே கொட்டிக் காயப்போட்டாரா, இன்னொரு நெல்லைக் கடித்துப் பார்த்தாரா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.