அரிட்டாபட்டி வழியே ஓர் ஐப்பசிப் பயணம்: கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகையில் மதுரையிலிருந்து அரை நாளில் போய்வர நான் எப்போதும் சொல்லும் வழி இது: மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, நரசிங்கம்பட்டி, அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, அழகர்கோவில், திரும்ப மதுரை. இதையொட்டி நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

திருநகர் வாசகி: அக்கா, ஏன் குறிப்பா ஐப்பசி? இலையெல்லாம் நிறம் மாறுமா?

மாறாதும்மா. சிவந்த இலை பார்க்க ஆசைப்பட்டால் இந்த வழி ஏமாற்றும். நம் பக்கம் இது பச்சை ஏறும் காலம். மேலூர் வட்டாரத்து ஒருபோக வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்திருக்கும், நடவு முடிந்திருக்கும், மேலே வடகிழக்குப் பருவமழையும் சேரும். சித்திரையில் வெறும் பாறையாகக் கிடந்த யானைமலை, மழை நனைத்ததும் கறுத்து மின்னும். அரிட்டாபட்டியில் இன்னும் அழகு. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். அவற்றில் விழும் மழைதான் வழிந்து 72 ஏரி, கண்மாய்களுக்கும் 200 சுனைகளுக்கும் போகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போனால் பாறையில் தண்ணீர் இறங்கும் தடத்தையே கண்ணால் பார்க்கலாம்.

சிம்மக்கல் வாசகர்: மழை நேரத்துல சின்ன கார் போகுமாங்க?

தார்ச்சாலையில் தாராளமாகப் போகும், மதுரையிலிருந்து அரிட்டாபட்டி வரை சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் கண்மாய்க் கரை மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஈரக்கரையில் டயர் பதிந்த பள்ளத்தில்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் அரிக்க ஆரம்பிக்கும். கரை உடைந்தால் போவது அந்த ஊர்க்காரர் பயிர்.

திண்டுக்கல் வாசகர்: ஊருக்குள்ள என்ன பார்க்கணும்?

இரண்டு இடம். ஒன்று, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. கருவறை, லிங்கம் எல்லாம் அதே பாறையில் வெட்டியவை. முகப்பில் இலகுலீசர், அதாவது பாசுபத சைவத்தின் ஆசான், சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவரைக் காண்பது மிக அரிது. விளக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பாமல் பகலில் போங்கள்.

இன்னொன்று, கழிஞ்சமலையில் இருக்கும் சமணர் குகைத்தளமும் (துறவிகள் தங்கிய 'சமணர் படுக்கை') தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளும். பக்கத்தில் சமணர் வணங்கும் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம், அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. அந்த எழுத்தைத்தான் நான் போகிறவர்களிடமெல்லாம் நின்று படிக்கச் சொல்வேன். அச்சணந்தி என்ற சமணத் துறவி இந்தத் திருமேனியைச் செய்வித்தார் என்று சொல்லிவிட்டு, 'பாதிரிக்குடியார் ரக்ஷை' என்று முடிகிறது. இந்தச் சிற்பம் பாதிரிக்குடி ஊராரின் காவல் என்று பொருள். சுமார் ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ஒரு சிற்பத்தை ஊர்க்காரர்கள் பொறுப்பில் விட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே காவல் ஊர்க்காரர்கள்தான். அதனால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் சொல்லிவிட்டு மலைக்குப் போங்கள்.

அண்ணாநகர் வாசகர்: ட்ரோன் பறக்கவிடலாமா?

வேண்டாம் தம்பி. லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் இருக்கிற பாறைகள் அவை.

திருமங்கலம் வாசகர்: மழையில கார் போகுமா?

மேலே சிம்மக்கல் வாசகருக்குச் சொன்னதுதான். கண்மாய்க் கரை மட்டும் வேண்டாம்.

மேலூர் வாசகர்: அக்கா, நீங்க சமணர் படுக்கைங்கறீங்க. எங்க அப்பத்தா பஞ்சபாண்டவர் படுக்கைன்னுதான் சொல்லும். பாண்டவங்க வனவாசத்துல வந்து படுத்த இடம்னு எங்க பக்கம் சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

உங்கள் அப்பத்தா சொன்ன பெயரை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வெட்டிக் கொடுத்தது யார் என்று கல்லிலேயே இருக்கிறது. இதே வழியில் மாங்குளம் பக்கம், மீனாட்சிபுரத்து மலையில், கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி இதைச் செய்து கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரி இராபர்ட் சீவல் 1882இல் கண்டது. தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று, கிமு 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார்.

அதே வாசகர்: அதுக்கு முன்னாடி பாண்டவங்க வந்திருக்கலாம்ல?

குகை இயற்கையானது, முன்னால் யாரும் ஒதுங்கியிருக்கலாம். நான் பேசுவது உளி பட்ட படுக்கையை, மேலே மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வெட்டிய காடியை. அது கொடுத்தவன் பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டால் கடலன் வழுதிக்கு நாம் செய்கிற அநியாயம்.

கருங்காலக்குடி வாசகர்: அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குக்கா. பாண்டவர் படுக்கைன்னு நம்புனதாலதான் சனங்க அதை உடைக்காம விட்டாங்க.

இதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குன்றுகள் குவாரியில் போய்விட்டன. சாமியென்றும் பாண்டவரென்றும் சொன்ன பாறைகள் பல நின்றன. அப்பத்தா சொன்ன கதையும் வேண்டும், கல் சொல்கிற பெயரும் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இரண்டையும் சொல்லுங்கள்.

கோவை வாசகர்: டங்ஸ்டன் சுரங்கம் வரப்போறதா சொன்ன இடம் இதுதானா?

இதுதான். அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.42 ஹெக்டேரை, 2022 நவம்பரில் மாநில அரசு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டு வருசம் கழித்து, அதையும் உள்ளடக்கிய பகுதி சுரங்க ஏலத்தில் விடப்பட்டது. 2025 ஜனவரியில் ஊர் ஊராகச் சனம் திரண்டு நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நீங்கள் காரில் போகும் அதே சாலையில்தான் அவர்கள் நடந்தார்கள்.

வில்லாபுரம் வாசகி: சாப்பாடு?

தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அழகர்கோவிலில் பிரசாதத் தோசை கிடைக்கும்; அதற்காகவே நான் பயணத்தை அங்கே முடிக்கிறேன்.

தேனி வாசகர்: சுருளி அருவியில் இப்போ குளிக்க விடுறாங்களா?

அது என் பகுதி இல்லை. கம்பம் பக்கத்து நண்பர்களிடம் கேளுங்கள்.

பெயர் சொல்லாத வாசகர்: அரிட்டாபட்டி ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் காரை நிறுத்திப் போட்டோ எடுக்கலாமா?

கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன். தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்துங்கள், இறங்கி நடங்கள்.

மேலூர் வாசகர்: சரிக்கா, அந்தக் கடலன் வழுதி எழுத்தை எங்க அப்பத்தாவுக்குக் காட்டணும். ஏற முடியுமா?

மாங்குளம் மலை ஏற்றம் வயசானவர்களுக்குக் கடினம், மழை பெய்தால் பாறை வழுக்கும். நீங்கள் காய்ந்த நாளில் ஏறிப் படம் எடுத்துவந்து காட்டுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் பூசாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் போதும்.