பாயில் வந்து படுக்கும் மணி

கேள்வி: காலை ஐந்தரை மணிக்கு ஹாலில் பாய் விரித்து யோகா செய்வேன். முதுகுவலி குறைந்ததே இதனால்தான், அதனால் விட மனமில்லை. எங்கள் நாய் மணிக்கு இரண்டு வயது. தெருவில் கிடந்த நாட்டுக் குட்டியை எடுத்து வளர்த்தோம். நான் குனிந்தால் அடியில் நுழைகிறான், முகத்தை நக்குகிறான். கபாலபாதி செய்தால் குரைக்கிறான். சவாசனத்தில் என் மேலேயே படுத்துக்கொள்கிறான். மாமியார் வெளியில் கட்டிப் போடச் சொல்கிறார். கட்டினால் நான் முடிக்கும்வரை ஊளையிடுகிறான். நாயோடு சேர்ந்து யோகா செய்யும் வீடியோக்களைப் பார்த்தேன். இவனுக்கும் கற்றுக்கொடுக்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புச் சகோதரி, மணியைக் கட்டவும் வேண்டாம், அவனுக்கு ஆசனம் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். உங்கள் பாயில் நீங்கள், அவன் விரிப்பில் அவன், இருவரும் ஒரே அறையில். இதற்குப் பழக்கினால் போதும்.

முதலில் அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். ஒரு நாய் இன்னொரு நாயை விளையாடக் கூப்பிடும்போது முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மேலே தூக்கி நிற்கும். கைகளைத் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் நீங்களும் அப்படித்தான் நிற்கிறீர்கள். கூப்பிட்டது நீங்கள், வந்தது அவன். அதோடு, எப்போதும் உயரத்தில் இருக்கும் உங்கள் முகம் அப்போது அவன் மூக்குக்கு நேராக வந்துவிடுகிறது. நக்காமல் என்ன செய்வான்?

கபாலபாதி வேறு விஷயம். மூக்கால் வேகமாகத் தள்ளும் அந்த மூச்சுச் சத்தம் பல நாய்களைத் திடுக்கிட வைக்கும். நம் காதுக்கு எட்டாத மிக மெல்லிய கீச்சு ஒலிகளையும் கேட்கிற காது அவனுடையது. அதை மட்டும் சில நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். பிறகு அவன் எதிரில் ஐந்தாறு மூச்சு, மெதுவாக. பழகப் பழகக் கூட்டலாம்.

சவாசனத்தில் வந்து படுப்பதற்காக அவனைக் கோபித்துக்கொள்ளவே கூடாது. வீட்டு மனுஷி அசையாமல் கிடந்தால் நாய் பக்கத்தில் வந்து பார்க்கும். நமக்கு அடுத்த மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. சண்டையில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். அந்தக் குணம்தான் மணிக்கும்.

சரி, பழக்குவது எப்படி? பழைய ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்து அவனுக்கென்று ஒதுக்குங்கள். பயிற்சியை யோகா நேரத்தில் தொடங்க வேண்டாம், மாலையில் தொடங்குங்கள். அவன் விரிப்பில் கால் வைத்தால் ஒரு துண்டு தீனி, படுத்தால் இன்னொன்று. எழாமல் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். அது படிந்த பிறகு, அவன் படுத்திருக்க நீங்கள் சுகாசனத்தில் உட்காருங்கள். அப்புறம் நின்று செய்பவை. குனிந்து செய்பவை கடைசியில்தான், அவனுக்கு அவைதான் பெரிய சோதனை. இடையில் உங்கள் பாய்க்கு வந்துவிட்டால் திட்டாதீர்கள், கையால் தள்ளாதீர்கள். இரண்டுமே அவனுக்கு விளையாட்டு. பேசாமல் நிமிர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவன் விரிப்புக்குத் திரும்பிய உடனே தீனி.

தீனிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வெறும் கேழ்வரகுக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி வைத்தால் போதும், அவித்த முட்டைத் துண்டும் ஆகும். குழம்பில் தோய்த்துப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

இதையெல்லாம்விட முக்கியமானது, யோகாவுக்கு முன்னால் அவனை இருபது நிமிடமாவது நடத்திக் கூட்டி வருவது. இரவெல்லாம் அடைந்து கிடந்த இளம் நாயை எழுந்ததும் சும்மா படு என்றால் எப்படிப் படுக்கும்? ஐந்தரைக்குப் பாய் விரிப்பதை ஆறாக்குங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்களை 'டோகா' என்கிறார்கள், அமெரிக்காவிலிருந்து பரவியது. நாயின் முன்னங்கால்களைப் பிடித்து நிமிர்த்துவது, மல்லாக்கப் புரட்டுவது, தூக்கிப் பிடிப்பது எல்லாம் அதன் இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லதல்ல. அந்த வீடியோக்களை மறுபடி பார்க்கும்போது நாயின் முகத்தைக் கவனியுங்கள். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, காதைப் பின்னால் மடிப்பது, தலையைத் திருப்பிக்கொள்வது இவையெல்லாம் 'எனக்குப் பிடிக்கவில்லை, விடு' என்று அது சொல்லும் வழிகள். எழுந்ததும் முன்னும் பின்னும் தானே நீட்டிச் சோம்பல் முறிக்கிறானே, அவன் உடம்புக்கு அது போதும். முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தடவிக் கொடுங்கள்.

சிரசாசனம், சர்வாங்காசனம் செய்வீர்கள் என்றால் அவன் விரிப்பில் பழகும்வரை கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும். தலைகீழாக நிற்கும்போது அவன் ஓடி வந்து மோதினால் உங்கள் கழுத்துக்கு ஆபத்து. முதுகுவலிக்காரருக்கு இதில் விளையாட்டு வேண்டாம்.

யோகா பாயை அவன் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் சுருட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். ரப்பர் துண்டை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். மாம்பழச் சீசனில் நம் ஊர்ப்பக்கம் மாங்கொட்டையை விழுங்கும் நாய்களுக்கும் இதே கதிதான். சாப்பிடாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சுத்தம் பற்றி மாமியார் கவலைப்படுவது நியாயம்தான். வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம், குடற்புழு மருந்து பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். நடந்து வந்ததும் கால்களைத் துடைத்துவிடுங்கள். முகத்திலோ கையிலோ காயம் இருக்கும் நாளில் நக்க விடாதீர்கள். காலையில் சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் மணி வெளியே போன பிறகு போடலாம், அந்தப் புகை அவன் மூக்குக்கு ஆகாது.

இன்னொன்று, மாலைப் பயிற்சியில் களி உருண்டையை உங்கள் மாமியார் கையால் போடச் சொல்லுங்கள். விரிப்பை எங்கே போடுவது என்பதையும் அவரிடமே விடுங்கள். பூஜை அறைக்குத் தள்ளி இருக்க வேண்டும் என்பார், அப்படியே செய்யுங்கள்.